பெயரின் கையில் இருந்த சீட்டு

இணையத்தில் இடம் வாடகைக்கு விடும் மேகக் கணினி ஒன்றில் குடியிருந்தது ஒரு குட்டிச் செயலி. எந்தத் தெருவுக்கு எப்போது குடிநீர் வரும் என்று ஊருக்குச் சொல்வது அதன் வேலை. மேகக்காரர்கள் கொடுத்த முகவரியோ எழுத்தும் எண்ணுமாக முழ நீளம். ஒருவரும் அதைப் பிழையில்லாமல் சொன்னதில்லை. அதனால் செயலியை உருவாக்கியவர்கள் 'தண்ணிமணி' என்று இணையத்தில் ஒரு சொந்தப் பெயரை வாங்கிப் பதிந்தார்கள்.

பெயர் எல்லா இடத்துக்கும் தெரியவர ஒரு நாள் ஆனது. பிறகு ஊரே அதைச் சொல்லித் தேடி வந்தது. செயலிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பழைய முகவரியைக் கூப்பிட்டு, "இனி உனக்கு இங்கே வேலையில்லை, கிளம்பு" என்றது. அதுவும் கிளம்பிப் போனது.

அன்று மத்தியானமே ஆள்வரத்து நின்றுவிட்டது.

"வந்தவர்களை எங்கே விட்டாய்?" என்று செயலி பெயரிடம் கேட்டது.

"பாதி வழியில் நிற்கிறார்கள். உன் வீடு எனக்குத் தெரியாது. பழைய முகவரியிடம்தான் கொண்டுபோய் விடுவேன். இன்று அதைக் காணோம்."

"அப்படியானால் உன்னிடம் என்னதான் இருக்கிறது?"

பெயர் கையை விரித்துக் காட்டியது. ஒரே ஒரு சீட்டு. அதில் பழைய முகவரி முழுசாக எழுதியிருந்தது.

செயலி அதை எழுத்து எழுத்தாகப் படித்தது. பிறகு ஓடிப்போய்ப் பழைய முகவரியைக் கண்டுபிடித்தது.

"போகச் சொன்னபோதே இதைச் சொல்லியிருக்கலாமே?"

"நீ கேட்கவில்லையே" என்றது பழைய முகவரி. "சரி, வா. வழியில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று முதலில் சொல்."