குப்பாயி சொன்ன வழி

ஆர்.கே.பேட்டை அருகே கழனியில் இறங்கிவிட்ட எஞ்சின் இல்லாத கிளைடர் விமானத்தை இறக்கை கழற்றி ஏற்றிவர, நீள டிரெய்லரோடு கிளம்பினான் ஹேமநாத். பைலட்டின் போனில் சார்ஜ் இல்லை. கழனிக்காரி குப்பாயிதான் தன் போனில் வழி சொன்னாள்.

"ஊருக்குள்ள திரும்பு நைனா. பச்சை கேட்டு ஊடு வரும். ஆரன் அடிச்சி, 'பிளேன் எறங்குன குப்பாயி கயனி எங்க?'ன்னு கேளு. சத்தமா கேளு!"

கேட்டான். தெருவே வாசலுக்கு வந்தது. பச்சை கேட்டுக்காரி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கைகாட்டினாள்.

சந்துகளில் டிரெய்லரை ஒடித்துத் திருப்பி ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், கழனி மெயின் ரோட்டை ஒட்டியே இருந்தது.

"இன்னாம்மா, ரோட்டு மேலயே வந்திருப்பேனே! இன்னாத்துக்கு ஊருக்குள்ள சுத்த வுட்டீங்க?"

"அந்தப் பச்சை கேட்டு என் சம்மந்தி ஊடு நைனா. என் கயனில பிளேன் எறங்குச்சின்னு சொன்னேன், பொய்யின்னு சிரிச்சா. போறப்போ பிளேனை ஏத்திக்கினு அந்த வழியாவே போ. ஆரன் மறந்துடாத!"