கிரேன் மாலை

வார்டு தேர்தலில் நின்ற என் மனைவி தமயந்திக்கு மாலையைக் கண்டாலே நடுக்கம். இப்போது எல்லா வேட்பாளருக்கும் அப்படித்தான். யார் வாங்கிய மாலையானாலும், விழுந்த கழுத்துக்காரரின் தேர்தல் செலவு அது. தலைக்கு மேலே கூடவே பறக்கும் ட்ரோன் அங்கேயே கணக்கில் ஏற்றிவிடும். வரம்பு தாண்டினால் வேட்பாளர் தகுதி போச்சு.

அதனால்தான் பிரசாரத்தின் கடைசி நாளில், அவளை எதிர்த்து நின்ற ஒரே வேட்பாளர் தில்லைநாயகம் கிரேனோடு எங்கள் தெருவுக்கு வந்தார். கிரேனில் ராட்சத ஆப்பிள் மாலை தொங்கியது.

"தங்கச்சிக்கு அண்ணனோட சின்ன மரியாதை," என்று போட்டோவுக்கு அவளை ஒட்டி நின்றுகொண்டார். அவருடைய ஆட்கள் சுற்றி நின்று கைதட்டினார்கள். ஓட வழியில்லை. மாலை இறங்கியது.

தமயந்தி சட்டென்று அவர் காலில் விழுந்தாள். "முதல்ல ஆசீர்வாதம் பண்ணுங்கண்ணே!"

காலில் விழுந்தவர்களை, கேமராவைப் பார்த்தபடியே குனிந்து தூக்குவது அவருடைய பல வருஷப் பழக்கம். குனிந்தார். மாலை கச்சிதமாக அவர் கழுத்தில் இறங்கியது. ஏற்கெனவே வரம்பைத் தொட்டுக்கொண்டிருந்த மனிதர். அவருடைய ட்ரோன் ஊரே கேட்க அலறியது.

போட்டியில்லாமல் தமயந்தி கவுன்சிலர் ஆனாள். அன்று சாயங்காலம் ஆசையாக ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் கையில் பூவைப் பார்த்ததும் பதறிப்போய், கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக என் காலில் விழுந்தாள்.

நான் குனியவே இல்லை.