லேசான வீக்கம்தான்

"விட்டுப் பிடிப்போம்னா என்ன டாக்டர் அர்த்தம்?"

பிளம்பர் நாற்காலியில் உட்காரவே இல்லை. ஸ்கேன் அறையின் அந்த மூலைக்கும் இந்த மூலைக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஏழு மாத வயிற்றோடு படுத்திருந்த மனைவிக்கு, அதைப் பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது.

"நாலு வாரம் கழிச்சுத் திரும்ப ஸ்கேன் பண்ணுவோம்னுதான் சொல்றேன்," என்றார் டாக்டரம்மா. "குழந்தையோட இடது கிட்னி லேசா வீங்கியிருக்கு. சிறுநீர் கொஞ்சம் தேங்குது."

"தேங்குதுன்னா எங்கேயோ அடைப்புதானே?"

"அதைப் பார்க்கத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். முதல்ல பார்த்தப்போ குழந்தையோட மூத்திரப்பை நிரம்பி இருந்தது. இப்போ பாருங்க, காலி. உங்க பிள்ளை உள்ளேயே ஒண்ணுக்குப் போயிடுச்சு. பனிக்குட நீரும் சரியா இருக்கு. பெரும்பாலும் இது தானா சரியாயிடும்."

"பெரும்பாலும்னா? மீதி?"

"அந்த மீதியைத் தவற விடக்கூடாதுன்னுதான் திரும்ப வரச் சொல்றேன். பிறந்த பிறகும் ஒரு ஸ்கேன் எடுத்துடுவோம்."

மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வராந்தாவுக்கு வருவதற்குள் புருஷன் அதை மறுபடி பிடுங்கிவிட்டார்.

"வேலை தெரியாத ஆளு. பார்க்கலாம், பார்க்கலாம்னு அந்தம்மா இதையே சொல்லுது. வா, வேற இடத்துக்குப் போவோம். இப்பவே."

"ஏங்க, பிள்ளை ஒண்ணுக்குப் போறவரைக்கும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாங்க. அவங்களைப் போய்..."

"உனக்குத் தெரியாது. குழாய் சமாச்சாரம் எனக்குத் தெரியும்."

அந்த ஒரு பேச்சைக் கேட்டு அவள் நடையை நிறுத்தினாள். இருபது வருஷமாகக் குழாயோடு குடித்தனம் நடத்துகிற மனுஷன். சுவருக்குள் எங்கே கசிகிறது என்று கையை வைத்தே சொல்லிவிடுவார். அவரே இப்படித் துடிக்கிறார் என்றால்? டாக்டர் கண்ணில் படாதது எதுவோ இவர் கண்ணில் பட்டுவிட்டதோ?

இரண்டாவது இடத்தில் இருந்தவர் வயதான டாக்டர். ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். தானும் ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்தார். பிறகு அட்சரம் பிசகாமல் அதையே சொன்னார். நாலு வாரம் கழித்துப் பார்க்கலாம், பயப்பட ஒன்றுமில்லை.

"ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டாங்களா?" வெளிப்படிக்கட்டில் நின்றபடியே பிளம்பர் மூன்றாவது இடத்துக்கு ஃபோன் போட ஆரம்பித்தார்.

அவளுக்குக் கால் கடுத்தது. பொறுமையும் போய்விட்டது. ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லிடுங்க. நான் தாங்கிக்கறேன். அவங்களுக்குத் தெரியாதது உங்களுக்கு அப்படி என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலைடி."

"பொய் சொல்லாதீங்க. ரெண்டு டாக்டர் சொல்லியும் எதுக்கு இந்தப் பறப்பு பறக்கறீங்க?"

பிளம்பர் போகிற வருகிறவர்களைப் பார்த்தார். மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சுவத்துல லேசா ஈரம்னு என்னைக் கூப்பிடுவாங்க. பாதி வீட்டுல அது தானா காஞ்சுடும். தொட்டதுமே எனக்குத் தெரியும்."

"சரி, அதுக்கு?"

"இருபது வருஷத்துல ஒரு வீட்டுலகூட 'கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்க'ன்னு நான் சொன்னதில்லை. எல்லாச் சுவத்தையும் உடைச்சிருக்கேன். கைக்கு வந்த வேலையை வேண்டாம்னு சொல்ற ஆளுங்க இருப்பாங்கன்னு நான் எப்படிடி நம்பறது?"