ஆறாவது சைக்கிள்

பிற்பகல் வெயில் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் நிலக்கரித் தூசியோடு நிற்கிறது. என் மகள் டெய்சி லேப்டாப் முன்னால் நகம் கடிக்கிறாள். அவள் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமில் ஃபங்ஷன் என்கிற ஆறு துண்டுகளுக்குப் பேரே இல்லை. கம்பெனி அதை மாற்றி எழுதச் சொன்ன பழைய கம்ப்யூட்டர் மொழியோ பேரில்லாததைச் சேர்த்துக்கொள்ளாதாம். நாலு மணிக்குள் அனுப்பாவிட்டால் அவளுடைய கான்ட்ராக்ட் போய்விடும். "ஏதாவது பேர் சொல்லுப்பா. பேர் வச்சுட்டா எங்கேருந்து வேணா கூப்பிடலாம்." என்னோடு மைன்ஸில் வேலை பார்த்துச் செத்துப்போனவர்களைச் சொல்கிறேன். லூர்துசாமி என்று தட்டுகிறாள். வாசலில் சைக்கிள் மணி அடிக்கிறது. பெனடிக்ட் என்கிறேன், இன்னொரு மணி. ஐந்து பெயர்கள் ஆனதும் கேட்டுக்கு வெளியே ஐந்து மஞ்சள் ஹெல்மெட்டுகள் தெரிகின்றன. ஹேண்டில்பாரில் டிபன் கேரியர்கள் ஆடுகின்றன. தரையில் நிழல்தான் இல்லை. "யாருப்பா மணி அடிச்சிகினே இருக்கறது?" "நம்ம ஷிப்ட் ஆளுங்கதாம்மா." "இன்னும் ஒண்ணு வேணும். உன் பேர வச்சுடட்டுமா?" கேட்டைப் பார்க்கிறேன். போன வருஷம் எடைக்குப் போட்ட என் சைக்கிள் ஆறாவதாக நிற்கிறது. லூர்துசாமி அதன் சீட்டைத் துடைத்துவிட்டுக் காத்திருக்கிறான். மணி மூன்று ஐம்பத்தெட்டு. "வைம்மா" என்கிறேன், செருப்பைத் தேடிக்கொண்டே.