பிடுங்கிய இலை

வடிவம்மாள் இலையைப் பிடுங்கிய வேகத்தில் புளியோதரை தரையெங்கும் சிதறியது.

"போதும், எந்திரிளா. தின்னது காணும்."

மருமகள் விஜயஸ்ரீ குனிந்த தலையோடு எழுந்தாள். வளைகாப்புக்கு வந்திருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வடிவம்மாளின் நாத்தனார் காந்திமதிக்குப் பொறுக்கவில்லை. அவள் மகள் அனுராதாவுக்குத்தான் வளைகாப்பு.

"என்ன மைனி இது? நல்ல காரியம் நடக்க இடத்துல பிள்ளை இலையப் போய்ப் பிடுங்குதியளே!"

குழந்தையில்லாத பெண்ணை வளைகாப்புப் பெண்ணின் பக்கத்தில் உட்காரவைத்து, வந்த பெண்கள் ஆளுக்கொரு வாய் ஊட்டிவிடுவது அவர்கள் குடும்பத்து வழக்கம். முதலில் சர்க்கரைப்பொங்கல், அப்புறம் அல்வா, பிறகு சாத வகைகள். ஊட்டுகிற கையை அந்தப் பெண் தள்ளக் கூடாது. தள்ளினால் பிள்ளையே வேண்டாமென்று சொன்ன மாதிரி.

விஜயஸ்ரீக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். இன்னும் குழந்தை இல்லை.

"டாக்டரம்மா சொன்னது உங்களுக்குத் தெரியுமா?" வடிவம்மாள் குரலை உயர்த்தினாள். "எடை குறைஞ்சாத்தான் மாசாமாசம் ஒழுங்காவுமாம். அதுக்கப்புறந்தான் மருந்தே. நீங்க ஊட்டிட்டுப் போயிருவிய. ஆஸ்பத்திரியில போயி நிக்கது யாரு?"

"அதுக்காகப் பட்டினி போடுவாளாக்கும்?" என்றது ஒரு குரல்.

"ராத்திரிக்குக் கேப்பை தோசைதானாம். விடியக்காலம் ஆத்துப் பாலம் வரைக்கும் நடக்க விடுதாளாம்."

"இப்படியே வதைச்சு அம்மை வீட்டுக்கு விரட்டிட்டு, மகனுக்கு வேற பாக்கத்தான்."

"பாவம்ளா. அவ வாயத் தெறக்காளா பாரு."

வடிவம்மாள் காதில் எல்லாமே விழுந்தது. "பொறப்படுளா. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று முன்னால் நடந்தாள்.

காந்திமதி வாசல்வரை வந்து விஜயஸ்ரீயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு வாய்ச்ச மாதிரி மாமியாரு யாருக்கும் வாய்க்கக் கூடாது, தாயி."

விஜயஸ்ரீ கையை விடுவித்துக்கொண்டு மாமியாரின் பின்னால் நடந்தாள்.

அம்பாசமுத்திரம் பஸ் சேரன்மகாதேவியைத் தாண்டியது. அப்புறம் வடிவம்மாள் மருமகளின் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நகம் பட்டுட்டோளா?"

"இல்லத்தே."

"இனி எந்த விசேஷத்துக்கும் என்னைய மனசாரக் கூப்பிட மாட்டாளுவ."

"கூப்பிடுவாங்க அத்தே. பிள்ளையோட போனா ஏன் கூப்பிட மாட்டாங்க?" விஜயஸ்ரீ நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நாலு கிலோ குறைஞ்சிருக்கேன். ரெண்டு மாசமா நாளும் ஒழுங்கா வருது. இத இனிமே விட மாட்டேன். ஆனா நீங்க இன்னைக்குப் பண்ணுனது சரியில்ல."

"நான் என்னளா பண்ணுனேன்?"

"நாம பேசி வச்சது என்ன? நான் கண்ணக் காட்டுனதும் இலையப் பிடுங்கணும். பொங்கலுக்கே காட்டிட்டேன். நீங்க அல்வா வரைக்கும் விட்டுட்டியளே!"

வடிவம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உனக்கு உசுராச்சே. ஒரு வாயி தின்னுக்கிடட்டும்னு பாத்தேன்."

"உசுருதான். அதான் சொல்லுதேன். தையில சித்தப்பா வீட்டுக் கல்யாணம் வருது. அங்கன அல்வாவ மொதல்லயே பிடுங்கிருங்க. இன்னும் கொஞ்சம் சத்தமா ஏசுங்க, அத்தே."