இருநூற்றுப் பத்தொன்பதாம் சீட்டு

முன்னூற்று எழுபத்தைந்தோடு எண்ணிக்கை நின்றுவிட்டது.

கோர்ட் அனுப்பியிருந்த பெண் வக்கீல் தகர டிரம்மைக் கவிழ்த்து ஒரு தட்டு தட்டினார். ஒன்றும் விழவில்லை. மேஜைமேல் சீட்டுகள் பத்துப் பத்தாகக் கிடந்தன. முன்னூற்று எழுபத்தாறு இருக்க வேண்டும்.

வீட்டுமனைக்கு விண்ணப்பித்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். குலுக்கலில் மனை விழுந்தது முப்பத்தாறு பேருக்கு. மீதிச் சீட்டெல்லாம் அன்று சீல் வைத்த இந்த டிரம்முக்குள் இருந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் குலுக்கல் ரத்து என்று கோர்ட் சொல்லியிருந்தது.

புத்தகம் கட்டும் பைண்டர் சுவரோரமாக நின்றிருந்தான். அத்தனை சீட்டையும் எண் குத்தி, வெட்டி, நான்காக மடித்துக் கொடுத்தவன் அவன்தான். மடிப்பு தன்னுடையதுதானா என்று அடையாளம் சொல்ல வரச் சொல்லியிருந்தார்கள். காலையிலிருந்து வியர்த்துக்கொண்டே இருந்தான்.

வழக்குப் போட்டவர்களில் முதல் கையெழுத்து அவன் மனைவியுடையது. விண்ணப்பமும் அவள் பெயரில்தான். எட்டு வருடமாக விழாத தன் பெயர் இந்த முறை டிரம்முக்குள்ளேயே போகவில்லை என்று அவள் வயிறு சொன்னதாம். இன்னும் இருபது பேர் சேர்ந்துகொண்டார்கள். தோற்றவர்களின் வயிறுகள் எல்லாம் ஒரே பேச்சுத்தான் பேசும்.

பதினோரு வாடகை வீடு மாறியவள். சொந்த மனையில் சமையலறை எந்தப் பக்கம் வரும் என்று ஒரு பழைய காலண்டரின் முதுகில் வரைந்து வைத்திருக்கிறாள். அழித்து அழித்து வரைந்ததில் அந்த இடத்தில் தாளே மெலிந்துவிட்டது.

கேஸெல்லாம் வேண்டாம் என்று சொல்ல ஏழு மாதமாக அவனுக்கு வாய் வரவில்லை.

இன்று கிளம்பும்போதும் வாங்கிக் கட்டிக்கொண்டான். சட்டைப் பையில் பேனா ஒழுகி நீலத் திட்டு. இது நான்காவது சட்டை. துவைக்கப் போடுமுன் பையைத் தானே காலி செய்கிற நல்ல பழக்கம் இருக்கிறது, இந்தப் பாழாய்ப்போன பேனாவை மட்டும் விடமாட்டார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி மாளாது அவளுக்கு.

வக்கீல் பட்டியலில் எண்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தார். இருநூற்றுப் பத்தொன்பதில் கை நின்றது.

அது அவளுடைய எண்.

அவள் பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. கூட வந்தவர்கள் தோளைத் தட்டினார்கள். மறு குலுக்கல். இன்னொரு தடவை!

மேஜைக்கு அந்தப் பக்கம் குலுக்கலை நடத்திய ஆபீஸ் கிளார்க். எல்லாச் சீட்டும் தன் கையால் போடப்பட்டன என்று எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. ஈ ஓட்டிக்கொண்டிருந்த பைண்டருக்கு இந்த மடிக்கிற வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். எண்ணிய சீட்டுகளையே திரும்பத் திரும்பப் பார்த்தார். உட்காரப் போகிறவர்போல் பின்னால் கையால் துழாவினார். நாற்காலி வேறு பக்கம் இருந்தது.

பைண்டருக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. மனைவியைப் பார்க்க அதைவிடப் பயம்.

"தகர மடிப்புல மாட்டியிருக்கும் மேடம். நான் ஒரு தடவை கையை விட்டுப் பார்க்கட்டுமா?"

வக்கீல் தலையசைத்தார்.

வேர்த்த உள்ளங்கையைச் சட்டையின் மார்பில் துடைத்துக்கொண்டான். தோள்வரை உள்ளே விட்டுத் துழாவினான். தகரம் முழங்கையைக் கீறியது. வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது.

வெளியே வந்த கையில் ஒரு சீட்டு இருந்தது.

வக்கீல் பிரித்தார். இருநூற்றுப் பத்தொன்பது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நீலம்.

கிளார்க் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அறை நிறைய ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை மறந்து குழந்தை மாதிரி அழுதார்.

அன்று மடிக்கும்போது பைண்டர் அந்த ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்திருந்தான். கடைசியாகப் போட்டால் மேலாகக் கிடக்கும், முதல் கை அதில்தான் படும் என்று கணக்கு. காலமெல்லாம் தாள் அடுக்கிய புத்தி. மேலே வைத்தது மேலேயே இருக்கும். டிரம்மைச் சுற்றுவார்கள் என்பதுகூட உறைக்கவில்லை. டிரம்மில் லேபிள் ஒட்டிய பசைக் கையைக் கழுவிவிட்டு வருவதற்குள், அவனை நம்பி எண்ணிக்கூடப் பார்க்காமல், கிளார்க் எல்லாவற்றையும் கொட்டிப் பூட்டியிருந்தார். சொல்லவும் முடியவில்லை, கிழித்துப் போடவும் மனம் வரவில்லை.

எண்ணிக்கை சரி என்று எழுதிய தாளை வக்கீல் அவன் மனைவியின் பக்கம் நகர்த்தினார். முதல் மனுதாரர் கையெழுத்துப் போட்டால் வழக்கு முடிந்தது.

அவளிடம் பேனா இல்லை. பழக்கத்தில் அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டு எடுத்தாள்.

விரல் நுனியில் நீலம் ஒட்டிக்கொண்டது.

அதைப் பார்த்தாள். மேஜைமேல் பிரித்துக் கிடந்த சீட்டின் ஓரத்தைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்திருந்த கிளார்க்கை. கடைசியாக அவனை.

வக்கீல் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.

அவள் குனிந்து, அவசரப்படாமல், முழுப் பெயரையும் எழுதினாள்.

பேனாவை அவன் பையில் திரும்ப வைக்கவில்லை.

"இதைத் தூக்கிப் போடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்றாள்.