மேனேஜர் தந்த லீவு

கோதண்டபாணி தன் கல்யாணத்துக்கே அரை நாள் லீவு போட்ட மேனேஜர். தாலி கட்டிய கையோடு ஆபீசுக்கு ஓடிவந்தவர். அவரிடம் பூங்குழலி ஒருநாள் லீவு கேட்டாள். "ஒருநாள் எதுக்கும்மா? ஒரு மாசம் போயிட்டு வாங்க" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். கம்பெனியில் ஆட்குறைப்பு வரும் என்று ஏற்கெனவே பேச்சு.

"என்னை அனுப்பப் போறாங்களா சார்?"

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"அப்ப லீவும் வேண்டாம்." நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த ஏசி குளிரிலும் அவருக்கு வியர்க்கத் தொடங்கியது. நெற்றியில் துளிர்த்தது, சட்டையை நனைத்தது, மேசையிலிருந்து அருவியாக இறங்கியது. குப்பைக்கூடை மிதந்து வாசலைத் தாண்டிப் போனது. பூங்குழலி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"தெரிஞ்சதைச் சொல்லுங்க சார். எனக்கு நல்லாவே நீச்சல் வரும்."